ஹரித்துவாரிலிருந்து வந்த திதி

தம்பி ஹரித்துவாரில் ஆறரை வருடம் இருந்தான். மலைக்கோயில்களுக்குப் போகிறவர்களுக்குப் பஸ்ஸில் இடம் பதிந்து கொடுப்பது அவனுடைய வேலை. பனி விலகிக் கோயில் கதவு திறக்கும் நாளிலிருந்து, தீபாவளி கழிந்து கதவு சாத்தும் நாள்வரை, ஒவ்வொரு விடியற்காலையும் சனங்களை ஏற்றி மேலே அனுப்பினான். அவன் ஒருநாளும் மேலே போகவில்லை. அம்மா வந்த பிறகு அம்மாவோடுதான் போவேன் என்று எழுதியிருந்தான்.

1983 ஆடியில் அவன் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். கலவரத்துக்குப் பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது அவன் போட்டிருந்த சட்டை அவனுடையதல்ல. இரண்டு வருடம் மானிப்பாயில் எங்களோடு இருந்தான். ராணுவச் சுற்றிவளைப்பு என்றால் பின்வளவால் ஓடுவான். இடையில் அப்பா காலமானார். 1985 ஆவணியில் வல்வெட்டித்துறையிலிருந்து படகில் அவனை அனுப்பினோம். அனுப்பினோம் என்று எழுதுகிறேன். போ என்று சொன்னவன் நான்தான். அம்மாவுக்கு அதில் விருப்பம் இருக்கவில்லை.

சென்னையில் வேலை கிடைக்காமல், வடக்கே யாத்திரை போகிற ஒரு கூட்டத்தோடு சமையல் உதவிக்குச் சேர்ந்து போயிருக்கிறான். ஹரித்துவாரில் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டான். கூட்டம் அவனைச் சத்திரத்தில் விட்டுவிட்டு மலையேறியது. பதினைந்து நாள் கழித்து அவர்கள் இறங்கி வந்தபோது அவன் சத்திரத்து மேசையில் இருந்து பஸ்ஸுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டுச் சனங்கள் தங்கும் சத்திரம் அது. தமிழும் இங்கிலீசும் எழுதத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்பட்டது. கூட்டம் தெற்கே திரும்பியது, அவன் தங்கிவிட்டான்.

அங்கிருந்து அவன் எழுதிய கடிதங்கள் இருபத்திரண்டு. ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் நான் மூன்று தேதிகள் குறிப்பேன்: அவன் எழுதியது, அங்கே முத்திரை குத்தியது, எங்கள் கையில் கிடைத்தது. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாகச் சேர்ந்த நாளிலிருந்து நான் நாட்குறிப்பு எழுதி வந்தவன். வருடத்துக்கு ஒரு கொப்பி. மழை, சாமான் விலை, யார் வந்தார்கள், என்ன சமைத்தோம் எல்லாம் அதில் இருக்கும். "என்ரை பெரியவன் கொட்டாவி விட்டாலும் மணி பாத்து எழுதுவான்" என்று அம்மா அயலவர்களுக்குச் சொல்லுவார். கடிதம் வந்தால் மட்டும் அவருக்குப் பொறுமை இராது.

"உவன் கொப்பிக்காரன் தேதி போட்டு முடிக்க முன்னம் கடிதம் பழசாப் போயிடும். வாசி மோனை, முதல்ல வாசி."

வாசிப்பேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும். ஆனாலும் தம்பியின் கடிதத்தை இன்னொருவர் வாசிக்கக் கேட்கத்தான் விருப்பம். அப்படித்தான் அந்த ஊர் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மலையிலிருந்து விழுந்து விழுந்து வந்த ஆறு அங்கேதான் முதன்முதலில் சமதரைக்கு இறங்குகிறது. பஸ் நிலையத்தில் சாரதிகள் மலையூர்களின் பெயர்களைக் மரக்கறிக்காரர்போலக் கூவி விற்பார்கள். தெற்கேயிருந்து வேட்டியோடு வந்த கிழவர்கள் வீதியோரத்தில் குரங்குத் தொப்பியும் கம்பளியும் வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் தேடுவார்கள். பின்னேரம் இலைத்தொன்னையில் பூவும் விளக்கும் வைத்து ஆற்றில் விடுவார்கள். குளிர்காலத்தில் காற்று தெளிந்த நாட்களில் வடக்கே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்.

"சித்திரை வெயிலிலையும் தண்ணி குளிருமெண்டு எழுதியிருக்கிறான். பிறகு சனம் என்னெண்டு குளிக்குது?" என்று அம்மா கேட்டார்.

"படியிலை இரும்புச் சங்கிலி கட்டியிருக்காம் அம்மா. அதைப் பிடிச்சுக்கொண்டு முழுகிறதாம். விட்டால் ஆறு இழுத்துக்கொண்டு போயிடுமாம்."

"சின்னவனைச் சங்கிலியை விடவேண்டாமெண்டு எழுது."

எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. "சங்கிலியை விடமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லு அண்ணை. நான் வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் ஆற்றில் குளிக்கிறேன். மற்ற நாட்களில் சத்திரத்துக் குழாய்."

1987 ஆடியில் இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோது இனிப் போக்குவரத்து வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். அம்மா மானிப்பாயில் ஸ்ரூடியோவுக்குப் போய்க் கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்தார். படம் கழுவி வருவதற்குள் ஐப்பசியில் இந்திய ராணுவத்தோடு சண்டை தொடங்கிவிட்டது. அடுத்த வருடம் சென்னையிலிருந்து வந்த ஒருவர் கையில் தம்பி ஒரு கம்பளிப் போர்வை கொடுத்துவிட்டான், அம்மா மலைக்குப் போகும்போது போர்க்க என்று. யாழ்ப்பாண வெயிலில் அதை யார் போர்ப்பது? வேப்பிலை போட்டுப் பெட்டியில் வைத்தோம். 1990 ஆனியில் மறுபடியும் யுத்தம். மின்சாரம் போயிற்று, ரயில் போயிற்று. தபால் கப்பலில் வந்தது. எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. என் கணக்குப்படி, அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று மாதம் எடுத்தன. இதை ஏன் குறிப்பிடுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

ஒரு கடிதத்தில் தம்பி அந்த ஊர்ப் பண்டாக்களைப் பற்றி எழுதியிருந்தான். யாத்திரை வருகிறவர்களுக்குக் கிரியை செய்கிற பிராமணர்கள் அவர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குடும்பம். அவர்களிடம் துணி அட்டை போட்ட நீளமான பேரேடுகள் இருக்கும். இன்ன ஊர், இன்ன குடும்பம், இன்னாரின் மகன் இன்னார், வந்த நாள், இறந்த நாள் என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம் என்று சொன்னபோது தம்பியின் பண்டா அரைமணி நேரம் ஏடு புரட்டியிருக்கிறார். பிறகு ஒரு வெற்றுப் பக்கத்தை விரித்து, நீயே எழுது என்று பேனாவைக் கொடுத்திருக்கிறார். தம்பி தமிழிலேயே எழுதினானாம்: அப்பாவின் பெயரும் இறந்த திதியும், அதன் கீழே, உயிரோடு இருப்பவர்கள் என்று அம்மா, நான், அவன்.

எனக்கு அது பெரிய சந்தோஷம். என் கொப்பிகளை விடப் பெரிய கொப்பி ஒன்று உலகத்தில் இருக்கிறது, அதில் நாங்களும் இருக்கிறோம்.

அம்மா கேட்டது வேறு. "இந்த வருசமும் எனக்கு சீற் பதிஞ்சவனாமோ?"

அது அவனுடைய பழக்கம். கதவு திறக்கிற பருவத்தின் முதல் பஸ்ஸில் யன்னல் பக்கம் அம்மாவின் பெயரிலும் அதற்கு அடுத்தது தன் பெயரிலுமாக இரண்டு இருக்கைகள் எழுதுவான். புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அவற்றை வெட்டிவிட்டு வேறு யாருக்காவது கொடுப்பான்.

"ஓம் அம்மா. பதிஞ்சு வெட்டினவனாம்."

"வெட்டட்டும். பதிஞ்சவன்தானே."

1992 புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து தம்பியுடையதல்ல. உறை எங்கோ கடல்நீரில் நனைந்து முத்திரை கரைந்திருந்தது. உள்ளே, சத்திரத்து மேலாளர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். தலையில் ஊர்ப்பெயர் மட்டும், தேதி இல்லை. தங்கள் சகோதரர் மஞ்சள் காமாலையில் ஒன்பது நாள் கிடந்து இறந்துவிட்டார், அஸ்தியைக் கங்கையில் கரைத்துவிட்டோம், பண்டாவின் ஏட்டில் பதிந்தாயிற்று, திதி தவறாமல் செய்வதற்காக ஏட்டில் உள்ளபடியே எழுதுகிறேன் என்று சொல்லி, கடைசியில் ஒரு வரி: ஜ்யேஷ்ட மாதம், கிருஷ்ண பட்சம், அட்டமி.

மஞ்சள் காமாலையை நாங்கள் செங்கண்மாரி என்போம். அம்மாவுக்கு அந்தச் சொல்லால்தான் சொன்னேன். அவர் கத்தவில்லை. கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுக்க அங்கே ஒருவரும் இல்லையா என்று இரண்டு மூன்று முறை கேட்டார். எங்கள் வேலியோரம் முழுக்க அது கிடந்தது. பிறகு கேட்டார்: "எண்டைக்காம்?"

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது ஒன்றுதான் கவலை. உடலைப் பார்க்கவில்லை. கொள்ளி வைக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் இல்லை. செய்தி கேட்கும்போதே அந்த நாள் கடந்திருந்தது. மிச்சமிருந்தது வருடத்தில் ஒருநாள், அவனுடைய திதியில், அவனுக்கென்று சமைத்து இலை போடுவது. அந்த நாளையாவது பிழைவிடாமல் பிடித்துக்கொடு என்றார். "நீ தேதிக்காரன்தானே மோனை."

நான் புத்தகம் எடுத்தேன். பஞ்சாங்க சாத்திரம் பற்றி என்னிடம் இரண்டு மூன்று நூல்கள் இருந்தன. ஜ்யேஷ்டம் என்றால் நமக்கு ஆனி. கிருஷ்ண பட்சம் தேய்பிறை. எங்கள் ஊர் வழக்கில் அபரபக்கம். ஆகவே ஆனி அபரபக்க அட்டமி. 1992 ஆனியில் அது இங்கிலீசுக் கணக்குக்கு யூன் பிற்பகுதியில் வந்திருந்தது. கடிதம் கிடைத்தது புரட்டாதி, அதாவது செப்டெம்பர் பிற்பகுதி. மூன்று மாதம். என் தபால் கணக்கோடு அச்சாகப் பொருந்தியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

திவசத்துக்குச் சொல்லப் போனபோது எங்கள் ஐயர் ஒரு நிமிடம் யோசித்தார். "தம்பி, வடக்கை அவையின்ரை மாதக் கணக்கு கொஞ்சம் வித்தியாசமெண்டு எங்கடை அப்பா சொல்லுவார். விசாரிச்சனீரோ?"

"பாத்திட்டன் ஐயா. புத்தகத்திலை இருக்கு" என்றேன். ஐயர் அதற்குமேல் கதைக்கவில்லை. நான் படித்தவன் என்று அவருக்கு மரியாதை.

1993 ஆனி, 1994 ஆனி, 1995 ஆனி. மூன்று திவசம் செய்தோம். அம்மா முதல்நாளே வீட்டைக் கழுவுவார். மா இடிப்பார். சீனி கிடைக்காத வருடத்தில் பனங்கட்டி போட்டுப் பயத்தம் பணியாரம் சுட்டார். மண்ணெண்ணெய் இல்லாத வருடத்தில் தேங்காயெண்ணெயில் விளக்கு எரித்தார். வாழைக்காய், பூசணிக்காய், பாகற்காய், உழுந்து வடை என்று இலை நிறையப் படைத்துவிட்டு, அந்த நேரத்தில் யாரையும் கதைக்க விடமாட்டார். காகத்துக்கு வைத்த சோறு எடுபடும்வரை கிணற்றடியில் நிற்பார். அந்த ஒருநாளில் அவர் முகத்தில் ஒரு நிறைவு இருக்கும். அதைக் கொடுத்தவன் நான் என்று எனக்கும் ஒரு நிறைவு இருந்தது.

1995 புரட்டாதித் தொடக்கத்தில் வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். தமிழ்நாட்டில் சில வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். சத்திரத்து மேலாளர் வேலையை விட்டு ஊருக்கு வந்தபோது, தெரிந்தவர் மூலம் ஒரு சிறிய பொட்டலத்தை இவரிடம் சேர்த்திருக்கிறார். அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். வந்தவர் தேத்தண்ணி குடித்துவிட்டு, "அம்மாவிட்டைச் சொல்லுங்கோ அண்ணை, பிந்திப் போச்சு, குறை நினைக்க வேண்டாம்" என்று போய்விட்டார்.

பொட்டலத்தில் தம்பியின் மூக்குக்கண்ணாடியும் 1992ஆம் ஆண்டுச் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகம் ஒன்றும் இருந்தன. புத்தகத்தில் அவன் கையெழுத்தில் பஸ் நேரங்களும் பெயர்களும். பருவத்தின் முதல் பஸ்ஸுக்குரிய பக்கத்தில் ஐந்தாம் இருக்கை அம்மா, ஆறாம் இருக்கை அவன் என்று எழுதி, இரண்டையும் ஒரே கோட்டால் வெட்டியிருந்தான். மே மாத நடுவோடு எழுத்து நின்றுவிட்டது. நான் முதலில் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வருத்தம் வந்து படுத்தவன் எழுதியிருக்கமாட்டான் என்று நினைத்தேன். ஆனால் மேலாளர் சொன்னது ஒன்பது நாள். யூன் கடைசிக்கும் மே நடுவுக்கும் இடையில் ஒன்பது நாள் அல்ல, ஒரு மாதத்துக்கும் மேல் இருக்கிறது.

புத்தகத்தின் கடைசி அட்டைக்குள் நான்காக மடித்த ஒரு துண்டு இருந்தது. சுடலையில் கொடுத்த பற்றுச்சீட்டு. ஹிந்தி எனக்கு வாசிக்கத் தெரியாது. தேதி இலக்கத்தில் இருந்தது. 1992 மே மாதம், நான்காவது ஞாயிறு.

பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். அந்த ஞாயிறும் அபரபக்க அட்டமிதான். ஆனால் வைகாசி.

பிறகு, மூன்று வருடத்துக்கு முன் நான் பார்த்த அதே நூலை, அதே பக்கத்தை விரித்தேன். ஜ்யேஷ்டம் ஆனிக்குச் சரி என்ற வரிக்குக் கீழே, அதே பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில் இருந்தது: வடநாட்டார் பௌர்ணமியோடு மாதத்தை முடிப்பவர்கள், ஆகையால் அவர்களுடைய மாதத்தில் தேய்பிறை முதலில் வரும், நாம் முந்திய மாதத்துக்குச் சேர்க்கும் தேய்பிறையை அவர்கள் அடுத்த மாதத்தின் பெயரால் சொல்வார்கள். அவர்களுடைய ஜ்யேஷ்டத் தேய்பிறை எங்களுக்கு வைகாசியில் விழுகிறது. ஐயரின் அப்பாவுக்குத் தெரிந்திருந்த விஷயம். நான் அரைப் பக்கம் வாசித்துவிட்டு நூலை மூடியிருக்கிறேன்.

அப்போதே 1992ஆம் ஆண்டுக் கொப்பியை எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது. அந்த ஞாயிற்றின் குறிப்பை வாசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா திருநீற்றோடு உள்ளே வந்துவிட்டார். கண்ணாடியைக் கண்டதும் அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மோனை?"

மறைக்கலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. சொன்னேன். மாதக் கணக்கை விளங்கப்படுத்தத் தொடங்கியபோது கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உந்தச் சாத்திரம் எனக்கு வேண்டாம். ஆனி இல்லை, வைகாசி. அவ்வளவுதானே?"

"ஓம்."

"அண்டைக்கு நான் இஞ்சை என்ன செய்துகொண்டிருந்தனான்? கொப்பியிலை எழுதியிருப்பாய். வாசி."

கொப்பி என் கையில் விரித்தபடி இருந்தது. அத்தனை வருடத்தில் அதில் ஒரு பொய் எழுதியதில்லை. "வெயில். காலமை கிணறு இறைச்சது. மத்தியானம் கத்தரிக்காய்க் கறி, முளைக்கீரை" என்றேன்.

அம்மா கண்ணாடியை மேசையில் வைத்தார். "பொய் சொல்லுறாய். அந்த வைகாசியிலைதான் கனகாலத்துக்குப் பிறகு குருநகர் மனிசி பாரை மீன் கொண்டந்தவ. கடலுக்குப் போக விடாத காலம். அதாலை எனக்கு நல்ல ஞாபகம். அந்தாக்கள் வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போறேல்லை, சனிக்கிழமைதான் வந்தவ. சனி பின்னேரம் குழம்பு வைச்சு, ஞாயிறு தின்னுறனாங்கள். உள்ளதை வாசி."

உள்ளதை வாசித்தேன். "மத்தியானம் நேற்றைய பாரைக் குழம்பு. மிக நன்றாக இருந்தது. அம்மா இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டார்."

"ரெண்டாந்தரமும் போட்டனானோ?"

"ஓம் அம்மா."

"அவன் அங்கை கிடக்கேக்கை."

அன்று அம்மா சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நல்லது. அடுத்தநாள் காலையில் கிணற்றடியில் எனக்கு வாளியைத் தந்துவிட்டுச் சொன்னார்: "மூண்டு வருசமும் ஒரு மாதம் காத்து நிண்டிருக்கிறான். நிக்கட்டும். இஞ்சை இருக்கேக்கை சாப்பிட வா, வா எண்டு எத்தினைதரம் கூப்பிட்டிருப்பன், நேரத்துக்கு வந்தவனே? இப்பவெண்டாலும் தெரியட்டும்." சிரிக்கப் பார்த்தார். "வாற வைகாசி சரியாச் செய்வம். ஐயரிட்டை இப்பவே சொல்லி வை."

சொல்லி வைத்தேன். ஐயர் பஞ்சாங்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். "நானும் அண்டைக்கு இன்னுமொருக்கால் கேட்டிருக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசி நடுவில், ராணுவம் நெருங்கி வர, ஊர் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு ஒரு பகல் முழுவதும் தேவைப்பட்டது. சைக்கிளில் அரிசி, பாய், ஒரு பானை. கொப்பிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அவற்றை நான் பிறகு காணவில்லை. இங்கே எழுதியிருப்பவை ஞாபகத்திலிருந்து எழுதியவை. அம்மா எடுத்துவந்தது ஒரு துணிப்பை: அதற்குள் தம்பியின் கண்ணாடி, குறிப்புப் புத்தகம், கம்பளிப் போர்வை.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஐந்து குடும்பங்களோடு இருந்தோம். கார்த்திகை முழுவதும் ஈரம். அம்மாவுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது, நின்றது, மறுபடியும் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து தட்டுப்பாடு. மார்கழியில் குளிர் என்று போர்வையைக் கேட்டார். ஏழு வருடம் பெட்டிக்குள் கிடந்த போர்வை; வேப்பிலைத் தூள் அதன் மடிப்புகளிலிருந்து பாயில் கொட்டியது. அதைப் போர்த்துக்கொண்டு, "அந்தப் பஸ்ஸிலை இப்பிடித்தான் குளிருமாக்கும்" என்றார்.

கடைசி இரண்டு நாட்களும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தை, மாசி, பங்குனி, சித்திரை. ஐந்தாவது விரலுக்கு வந்ததும் என்னைப் பார்ப்பார்.

"ஓம் அம்மா, அதுக்குப் பிறகு வைகாசி. இன்னும் அஞ்சு மாதம்" என்பேன்.

"பாகற்காய் அந்த நேரம் கிடைக்கும்தானே?"

"கிடைக்கும்."

மார்கழி முடிவதற்குள் அம்மா போய்விட்டார். சரியான நாளில் தம்பிக்கு இலை போட ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

எழுத என்னிடம் கொப்பி எதுவும் இருக்கவில்லை. தம்பியின் குறிப்புப் புத்தகத்தில், அவன் எழுத்து நின்ற இடத்துக்கு அடுத்த வெற்றுப் பக்கத்தில் அம்மாவின் நாளை எழுதினேன். முதலில் இங்கிலீசுத் தேதி. அதன் கீழே தமிழ் மாதமும் தேதியும். அதன் கீழே பட்சமும் திதியும். எப்போதாவது ஒருவர் ஹரித்துவாருக்குப் போய் எங்கள் பக்கத்தை விரிக்கச் சொன்னால், பண்டா தடுமாறக்கூடாது. ஆகவே அவர்கள் கணக்கில் அது எந்த மாதம் என்பதையும் எழுதினேன். பக்கத்து வகுப்பறையில் தங்கியிருந்த எங்கள் ஐயரிடம் அதைக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகுதான் புத்தகத்தை மூடினேன்.